வளரும் பிள்ளைக்கு வளர்கிற துணி

பிள்ளைகளின் துணிகள் பெரும்பாலும் கிழிந்து போவதில்லை, பத்தாமல்தான் போகின்றன. பெரியவர்களின் சட்டைக்குக் காலர் நைந்து, கை ஓரம் பிசிறு விட்ட பிறகுதான் அது ஒதுங்கும். மூன்று வயதுக் குழந்தையின் கவுன் அப்படியில்லை. துணி நன்றாக இருக்கும்போதே, தோள் பிடிக்கிறது, முட்டிக்கு மேலே ஏறிவிட்டது என்று பீரோவின் அடித்தட்டுக்குப் போய்விடுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்பது தானாகவே தெளிவாகும். நீளத்துக்கு இடம் விட்டு வாங்க வேண்டும், தைக்க வேண்டும். அடுத்த பிள்ளை போடும்வரை துணி கெடாமல் துவைத்து வைக்க வேண்டும். காலம் கடத்தாமல் கைமாற்றிவிட வேண்டும்.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்த்தவள். தைத்து வரும் குழந்தைத் துணிகளை உள்ளும் புறமும் திருப்பிப் பார்ப்பது, பிசிறு வெட்டுவது, தையல் விட்டிருந்தால் ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவது என்று அந்த வேலை போகும். மகள் பிறந்த பிறகு வீட்டிலேயே தையல் மிஷின் போட்டுக்கொண்டேன். மகள் இப்போது ஒன்பதாம் வகுப்பு, மகன் நாலாம் வகுப்பு. நடுவில் ஐந்து வருட இடைவெளி. அக்கா துணி தம்பிக்குப் போக வேண்டுமானால் அது ஐந்து வருடம் பரண் மேல் கெடாமல் இருந்தாக வேண்டும். கம்பெனியில் கண்டதையும் என் மாமியாரிடம் கேட்டதையும் வைத்துத்தான் இதையெல்லாம் பழகிக்கொண்டேன்.

கம்பெனியில் முதலில் என் கவனத்தை இழுத்தது சைஸ் லேபிள். நம் ஊர்க் கடைகளில் '4 வயது', '5 வயது' என்றோ 20, 22, 24 என்றோ போட்டிருக்கும். ஐரோப்பாவுக்குப் போகும் துணிகளில் 98, 104, 110, 116 என்று இருக்கும். அது குழந்தையின் உயரம், சென்டிமீட்டர் கணக்கில். சைஸுக்கு சைஸ் 6 சென்டிமீட்டர் வித்தியாசம். இரண்டு மூன்று வயதுக்கு மேல் பிள்ளைகள் வருடத்துக்கு ஏறக்குறைய 5 முதல் 7 சென்டிமீட்டர் வளர்வதால், ஒரு சைஸ் என்பது கிட்டத்தட்ட ஒரு வருடம். அதே அளவுப் பட்டியலில் இடுப்புச் சுற்றளவைப் பார்த்தால், அங்கே சைஸுக்கு ஓரிரு சென்டிமீட்டர்தான் கூடியிருக்கும்.

என் அத்தைக்கு அளவுப் பட்டியல் எதுவும் தெரியாது. மகளுக்கு முதன்முதலில் பாவாடை தைக்க உட்கார்ந்தபோது பக்கத்தில் வந்து நின்று சொன்னார்: "அம்மிணி, புள்ள நெட்டுக்குத்தான் வளருது, அகலத்துக்கு வளரல. கீழ நல்லா உள்ள மடிச்சு உட்டுத் தையி." கம்பெனிப் பட்டியலில் இருந்ததும் இதுதான். மூன்று வயதில் இடுப்புக்குச் சரியாக இருந்த பாவாடை ஐந்து வயதிலும் இடுப்பில் ஏறும், நீளம்தான் போதாது. அப்படியானால் நீளத்தை மட்டும் துணிக்குள் சேமித்து வைத்தால் போதும்.

அதற்கு நம் வீடுகளில் பழைய வழி ஒன்று இருக்கிறது, டக் பிடிப்பது. பட்டுப் பாவாடையில் கரைக்குச் சற்று மேலே, உள்பக்கமாக, துணியை மடித்து ஒரு தையல் ஓட்டிவிடுவார்கள். ஒன்றரை அங்குல ஆழத்துக்கு டக் பிடித்தால் 3 அங்குலத் துணி உள்ளே போகும். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை பிள்ளை வருடத்துக்குச் சுமார் ஒன்றரை அங்குலம் வளர்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு டக் இரண்டு வருடம் வரும். இரண்டு டக் பிடித்தால் நாலு வருடம். காது குத்துக்கு எடுத்த பாவாடை பள்ளிக்கூடம் போகும் வயது வரை வருவது இப்படித்தான்.

பட்டில் டக் பிடிக்கும்போது மிஷினில் ஓட்டாமல் கையில் ஓட்டுத் தையல் போடுவது நல்லது. மிஷின் ஊசி நெருக்கமாகத் துளை போடும். பிரித்த பிறகு அந்த வரிசை பட்டில் அப்படியே தெரியும். மெல்லிய ஊசி, துணி நிறத்தில் நூல், கொஞ்சம் நீட்டுத் தையல், அவ்வளவு போதும். தையல் கோடு கரையை ஒட்டினாற்போல் வந்தால் வெளியிலும் தெரியாது. பிரித்த பிறகு உள்பக்கமாகத் திருப்பி, மேலே ஒரு பருத்தித் துணியைப் போர்த்தி, மிதமான சூட்டில் தேய்த்தால் மடிப்பு படிந்துவிடும்.

சின்னக் குழந்தைகளுக்கு இடுப்பில் பாவாடை நிற்காது என்பதால் மேலே பாடி வைத்துத் தைப்பார்கள். அந்தப் பாடியை விலை குறைந்த பருத்தித் துணியில் தனியாகத் தைத்து இணைக்கச் சொல்லுங்கள். தோள் பிடிக்கும்போது பாடியை மட்டும் கழற்றிவிட்டுப் புதியதை வைக்கலாம். பிள்ளைக்கு இடுப்பு நின்றதும் பாடியே வேண்டாம், பட்டி வைத்து நாடா கோத்துவிடலாம். மேல்சட்டைக்குப் பக்கத் தையலில் துணி விட்டு, இணையாக இரண்டு மூன்று தையல் ஓட்டச் சொல்வது நம் ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் பழக்கம்தான். நம் ஜாக்கெட்டுக்குச் சொல்வதைப் பிள்ளையின் சட்டைக்கும் சொன்னால் ஒரு தையலைப் பிரித்ததும் அரை அங்குலம் கிடைக்கும். தோளும் கைக்குழியும் மட்டும் பிறகு பெருக்க வராது. அங்கே தைக்கும்போதே கொஞ்சம் தாராளமாக வெட்டச் சொல்ல வேண்டும்.

டெய்லர்கள் சிலர் இதற்கு முகம் சுளிப்பார்கள். கீழே துணி கனத்து நிற்கும், அழகாக விழாது என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. மெல்லிய பாப்ளினில் 4 அங்குல உள்மடிப்பு அடித்தால் ஓரம் விறைத்துத்தான் நிற்கும். மடிப்பு பாதி, டக் பாதி என்று பிரித்துவிட்டால் அந்தக் குறை இருக்காது. டக் தைக்கும் கூலியைச் சேர்த்துக் கொடுத்துவிட்டால் யாரும் மறுப்பதில்லை. துணியைத் தைக்கக் கொடுக்கும் முன் ஒரு ராத்திரி தண்ணீரில் நனைத்துக் காயப்போட்டுவிடுங்கள். பருத்தி முதல் அலசலில் சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் விட்டுவைத்த துணியில் பாதி அதற்கே போய்விடும்.

எந்த மாதிரி உடை நீண்ட நாள் வரும் என்பதும் இதே கணக்குத்தான். தோளில் பட்டை வைத்துப் பட்டன் போடும் பினோபார் மாதிரி உடைகளில் இரண்டு மூன்று பட்டன் ஓட்டைகள் எடுத்துவிட்டால் வருடத்துக்கு ஒன்றாக இறக்கிக்கொள்ளலாம். கையில்லாத கவுன், கை வைத்த கவுனைவிட ஒரு வருடமாவது கூட வரும். உள்ளே ஒரு டீ-ஷர்ட் போட்டால் குளிர்காலத்துக்கும் ஆயிற்று. முட்டிவரை இருந்த ஏ-லைன் கவுன் தொடைக்கு ஏறியதும் லெக்கிங்ஸ் மேலே போடும் டாப்ஸ் ஆகிறது. முழுக்கால் பேண்ட் முக்கால் பேண்டாகி, முட்டி கிழிந்ததும் டவுசராகிறது. நெட் துணியில் அடுக்கடுக்காக வரும் கவுன்களில் இப்படி எதுவும் செய்ய முடியாது. கல்யாணத்துக்கு ஒரு முறை, பிறந்த நாளுக்கு ஒரு முறை போட்டதோடு சரி. அந்த மாதிரி உடைகளை எங்கள் குடும்பத்தில் சொந்தக்காரப் பிள்ளைகளுக்குள் சுற்ற விட்டுவிடுகிறோம். என் தங்கை மகள் கோபிச்செட்டிபாளையத்தில் போட்ட கவுன் அடுத்த முகூர்த்தத்தில் இங்கே வந்துவிடும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவற்றைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, பார்த்த வேலையே அதுதானே. எங்கள் ஊரில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் காதர்பேட்டை இருக்கிறது. ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சியதும், சின்னக் குறையால் ஒதுக்கப்பட்டதும் அங்கே வரும். கடையில் துணியைக் கையில் எடுத்ததும் நான் முதலில் உள்பக்கத்தைத் திருப்புவேன். ஓவர்லாக் தையல் நெருக்கமாக இருக்கிறதா, நூல் எங்காவது விட்டிருக்கிறதா என்று தோள், அக்குள், பேண்ட் என்றால் கவட்டை, இந்த இடங்களில் மட்டும் பார்த்தால் போதும். துணி முதலில் விடுகிற இடங்கள் அவைதான். அப்புறம் கழுத்து ரிப்பை, அதாவது கழுத்தைச் சுற்றி வரும் இழுபடும் பட்டியை, இரண்டு கையாலும் இழுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். உடனே பழைய நிலைக்குத் திரும்பினால் நல்லது. அலையலையாக நின்றால் வாங்க வேண்டாம். வீட்டில் தலை வழியாக நாலு முறை இழுத்தாலே அது தொங்கிவிடும்.

பிறகு துணியின் கனம். பனியன் துணியை ஜி.எஸ்.எம். கணக்கில்தான் பேசுவார்கள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது அந்தக் கணக்கு. குழந்தைகளின் டீ-ஷர்ட்டுக்கு 160, 180 இருந்தால் நன்றாக உழைக்கும். 120, 130 எல்லாம் வெயிலுக்குச் சுகம், ஆனால் இரண்டாவது பிள்ளை வரை வராது. கடையில் தராசு வைத்துப் பார்க்க முடியாதுதான். ஒற்றைத் துணிக்குப் பின்னால் கையை விட்டு வெளிச்சத்தில் பாருங்கள், விரல் தெளிவாகத் தெரிந்தால் மெல்லிய துணி. இன்னொன்று, சட்டையின் பக்கத் தையல் நேராக இறங்குகிறதா என்பது. துவைக்காதபோதே முன்பக்கம் திரும்பியிருந்தால் துவைத்த பிறகு இன்னும் முறுக்கிக்கொள்ளும். சுருக்கமும் உண்டு. பனியன் துணியில் நீளவாக்கில் 5 சதவீதம் வரை சுருங்குவதைச் சாதாரணமாக ஏற்றுக்கொள்வார்கள். 40 சென்டிமீட்டர் நீளச் சட்டையில் அது 2 சென்டிமீட்டர். சரியான அளவில் வாங்கினால் முதல் அலசலிலேயே பல மாத வளர்ச்சிக்கான இடத்தை இழந்துவிடுகிறோம்.

அதற்காக மூன்று சைஸ் பெரிதாக வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. "வளர்ற புள்ள, இருக்கட்டும்" என்று வாங்கி, தோள் முழங்கைக்குத் தொங்க, பிள்ளை கால் தடுக்கி விழுவதைப் பார்க்கிறோம். ஒரு சைஸ் கூட எடுத்தால் போதும். கைக்குழந்தைக்கு மட்டும் கணக்கு வேறு. பிறக்கும்போது சுமார் 50 சென்டிமீட்டர் இருக்கும் குழந்தை ஒரு வருடத்தில் 75-ஐத் தொட்டுவிடும். பிறந்த குழந்தை சைஸில் உறவினர்கள் அடுக்கித் தரும் உடைகள் சில வாரங்களில் பத்தாமல் போகும். அந்த வயதுக்கு ஜப்லாவும் முடிச்சுப் போடும் துணியும்தான் ஏற்றவை. பெரியவர்கள் கட்டிய பழைய வேட்டியையும் நூல் புடவையையும் கிழித்து முதல் துணியாகப் போர்த்துவது நம் வழக்கம். நன்றாக ஆயுசோடு இருந்தவர்களின் துணியாகப் பார்த்து எடுப்பார்கள். பல முறை துவைத்து மிருதுவான பருத்தி குழந்தைத் தோலை உறுத்தாது. நான் இரண்டு பிள்ளைகளுக்கும் அப்படித்தான் செய்தேன். தூளிக்கும் அத்தையின் புடவைதான்.

ஒரு துணியை இரண்டு பிள்ளைகள் போடுவது எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நொய்யல் கரையில் குடியிருந்து அந்த ஆறு என்ன நிறத்தில் போனது என்று பார்த்தவர்களுக்கு இது செலவுக் கணக்கு மட்டும் அல்ல. துணிக்கு ஏற்றிய சாயத்தின் கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே இருந்த விவசாயிகளின் கிணறுகளும் நிலமும் கெட்டன. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது ஊரே தவித்தது. வேலை இல்லாமல் எத்தனையோ குடும்பங்கள் ஊரை விட்டுப் போயின. அந்தத் தொழிலில்தான் நானும் சம்பாதித்தேன், என் பிள்ளைகளும் சாப்பிட்டார்கள். ஒரு சிவப்புச் சட்டைக்குப் பின்னால் எவ்வளவு தண்ணீர், எத்தனை பேர் உழைப்பு என்று தெரிந்த பிறகு, அதை ஆறு மாதத்தில் தூக்கி எறிய எனக்கு மனம் வருவதில்லை.

சரி, துவைக்கும் விஷயத்துக்கு வருவோம். துணியின் ஆயுளில் பாதி இங்கேதான் போகிறது. எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். உப்புத் தண்ணீரில் எண்ணெயில் செய்த கட்டிச் சோப்பைப் போட்டால், தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து சோப்போடு சேர்ந்து வெள்ளைப் பிசுக்காகத் துணியில் ஒட்டிக்கொள்ளும். வெள்ளை பழுப்பேறுவதும் பனியன் துணி விறைத்துப் போவதும் அதனால்தான். டிடர்ஜென்ட் பவுடருக்கு இந்தத் தொல்லை குறைவு. நான் அலசுவதற்கு எந்தத் தண்ணீரைப் பயன்படுத்தினாலும் கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர் எடுத்துக்கொள்வேன். ஒரு பக்கெட்டுக்கு ஒரு மூடி வெள்ளை வினிகர் விட்டு முக்கி எடுத்தால் மிச்சப் பிசுக்கும் போய்விடும். வாசனை காய்ந்ததும் இருக்காது.

எந்த உடையாக இருந்தாலும் உள்பக்கம் திருப்பித்தான் துவைக்கவும் காயப்போடவும் வேண்டும். ஜிப்பை மூடி, கொக்கியை மாட்டி மிஷினில் போட வேண்டும். திறந்த ஜிப் ஒன்று போதும், கூடவே சுற்றும் பனியன் துணியையெல்லாம் இழுத்துவிட. பனியன் துணியை முறுக்கிப் பிழியக் கூடாது, அழுத்திப் பிழிய வேண்டும். தோளில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டால் ஈரக் கனத்தில் நீண்டு, தோளில் இரண்டு கொம்பு முளைத்துவிடும். அக்குள் மட்டத்தில் கொடியின் மேல் மடித்துப் போடுங்கள். நம் வெயிலில் கருநீலமும் கறுப்பும் சீக்கிரம் வெளுக்கும், அவற்றுக்கு நிழல். வெள்ளைக்கும், கறைபட்ட துணிக்கும் உச்சி வெயில்.

கறைகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். சாம்பார், மஞ்சள் கறையில் சோப்பு பட்டதும் சிவந்துவிடும். சோப்பின் காரத்தில் மஞ்சள் நிறம் மாறுவதுதான் அது. பயந்து மேலும் மேலும் தேய்க்க வேண்டாம். சாதாரணமாகத் துவைத்துவிட்டு ஈரத்தோடு வெயிலில் போடுங்கள், மஞ்சள் வெயிலுக்கு நிற்காது. ஒரு நாளில் போகாவிட்டால் மறுநாளும் நனைத்துப் போடலாம். பால், முட்டை, ரத்தம் இவற்றுக்கு வெந்நீர் ஆகாது. சூட்டில் கறை நூலோடு பிடித்துக்கொள்ளும். பச்சைத் தண்ணீரில் உடனே அலச வேண்டும். எண்ணெய்க் கறை மேல் முகப் பவுடரைத் தூவி அரை மணி நேரம் விட்டு, பாத்திரம் துலக்கும் திரவத்தைத் தடவித் துவைத்தால் போகும். பால்பாயின்ட் பேனா மைக்குக் கீழே ஒரு பழைய துணியை வைத்து, மேலே சானிடைசரோ ஸ்பிரிட்டோ பஞ்சில் நனைத்து ஒற்றி எடுக்க வேண்டும். தேய்த்தால் பரவும். துருக்கறைக்கு எலுமிச்சையும் உப்பும் தடவி வெயிலில் வைத்துப் பிறகு நன்றாக அலசலாம். வண்ணத் துணி என்றால் உள்மடிப்பில் கொஞ்சம் தடவி நிறம் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வாழைக்கறைக்கு இதில் எதுவும் செல்லாது. பட்ட பிறகு நாளாக ஆகக் கறுக்குமே தவிரப் போகாது. தோட்டத்துக்குப் போகும்போது அதற்கென்று ஒரு சட்டை வைத்துக்கொள்வதுதான் வழி. நல்ல சட்டையில் பட்டுவிட்டால், அந்த இடத்தில் வேறு நிறப் பனியன் துணியில் ஒரு மீனோ இலையோ வெட்டி வைத்துத் தைத்துவிடுவேன். மகனுக்கு அப்படித் தைத்த சட்டைதான் இப்போது பிடித்த சட்டை.

பழுது பார்ப்பதில் மூன்று வேலைகளைக் கற்றுக்கொண்டால் முக்கால்வாசி துணி பிழைக்கும். முதல் வேலை பட்டன். மிஷினில் வைத்த பட்டன்கள் பலவும் சங்கிலித் தையல். ஒரு முனை நூலை இழுத்தால் மொத்தமும் உருவிக்கொண்டு வரும். வெளிநாட்டுக் குழந்தைத் துணிகளுக்குப் பட்டனை 90 நியூட்டன் விசையில் இழுத்துச் சோதிப்போம். ஏறக்குறைய 9 கிலோ எடை தொங்குவதற்குச் சமமான இழுப்பு அது. சின்னக் குழந்தை பட்டனைக் கடித்துப் பிடுங்கி விழுங்கிவிடக் கூடாது என்பதற்காகவே அந்தச் சோதனை. அதனால் புதுச் சட்டை வீட்டுக்கு வந்ததும், போடும் முன்பே எல்லாப் பட்டனையும் கையில் ஒரு முறை தைத்து, பின்னால் முடிச்சுப் போட்டுவிடுவேன். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதைத் தவறாமல் செய்யுங்கள்.

இரண்டாவது எலாஸ்டிக். துணி நன்றாக இருக்கும்போதே எலாஸ்டிக் செத்துப் போவதால் ஒதுக்கப்படும் டவுசர்கள் ஏராளம். இடுப்புப் பட்டியின் உள்பக்கம் ஓர் அங்குலம் பிரித்து, பழையதை உருவி, புதிய எலாஸ்டிக்கின் முனையில் ஊக்கு குத்தி உள்ளே தள்ளிக்கொண்டு போனால் பத்து நிமிட வேலை. எலாஸ்டிக்கைத் துணியோடு சேர்த்தே தைத்திருந்தால் பிரிப்பது சிரமம். அதற்கு மேலாகவே ஒரு பட்டி வைத்துப் புதியதைக் கோக்கலாம். ஓட்டைகள் வைத்த எலாஸ்டிக் தையல் சாமான் கடைகளில் கிடைக்கிறது. உள்ளே ஒரு பட்டனில் மாட்டி இறுக்கவும் தளர்த்தவும் செய்யலாம், ஒல்லியான பிள்ளைக்கும் பூசினாற்போல் இருக்கும் பிள்ளைக்கும் ஒரே டவுசர் ஆகும். இடுப்பில் நாடா கோத்தால் நடுவில் ஒரு தையல் போட்டு உருவிக்கொள்ளாமல் செய்துவிடுங்கள். கழுத்துப் பக்கமோ தலைமூடியிலோ நாடா வேண்டவே வேண்டாம். சறுக்குமரத்திலோ கேட்டிலோ மாட்டிக் கழுத்தை இறுக்கிவிடும். 7 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் உடையில் அந்த இடத்தில் நாடா வைக்க ஐரோப்பியத் தர விதியே அனுமதிப்பதில்லை. பழைய துணியில் இருந்தால் உருவி எறிந்துவிடலாம்.

மூன்றாவது முட்டி. தவழும் பிள்ளைக்கும் சரி, கபடி விளையாடும் பிள்ளைக்கும் சரி, முதலில் போவது முட்டிதான். கிழிந்த பிறகு ஒட்டுப் போடுவதைவிட, நைந்து மெலியும்போதே உள்ளே ஒரு துண்டு வைத்துத் தைப்பது நல்லது. பனியன் துணிக்குப் பனியன் துணியும் நெசவுத் துணிக்கு நெசவுத் துணியும்தான் ஒட்டு வைக்க வேண்டும். இழுபடும் துணியில் இழுபடாத துண்டை வைத்தால் ஓரத்தில் புதிதாகக் கிழியும். பனியன் துணியைத் தைக்க முனை மழுங்கிய பால்பாயின்ட் ஊசி போட்டால் இழை அறுந்து ஓட்டை விழாது. கட்டிங் வேஸ்ட் எங்கள் ஊரில் கிலோ கணக்கில் கிடைப்பதால் எனக்குத் துண்டுக்குப் பஞ்சமில்லை. மற்ற ஊர்க்காரர்கள் ஒரு பழைய டீ-ஷர்ட்டை வெட்டி வைத்துக்கொள்ளலாம்.

பள்ளிச் சீருடையைத் தனியாகத்தான் சொல்ல வேண்டும். அரசுப் பள்ளியில் சத்துணவுத் திட்டத்தில் உள்ள பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பு வரை வருடத்துக்கு நாலு செட் இலவசமாகத் தருகிறார்கள். அதில் அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். பிடித்துத் தைத்துக்கொள்ளும்போது மிஞ்சும் துணியை வெட்டாமல் உள்ளேயே விட்டுவிடுங்கள். தனியார் பள்ளி என்றால் ஜூன் மாதச் செலவில் சீருடை பெரிய பங்கு. பாலியெஸ்டர் கலந்த துணி எளிதில் கிழியாது, ஆனால் சூடான இஸ்திரிப் பெட்டி நேரடியாகப் பட்டால் பளபளப்பு ஏறி அசிங்கமாகிவிடும். உள்பக்கம் திருப்பித் தேய்த்தால் அது வராது. மடிப்பை இறக்கும்போது பழைய மடிப்புக் கோடு வெளுப்பாகத் தெரிவது எல்லோருக்கும் வரும் தொல்லை. வினிகர் கலந்த தண்ணீரில் நனைத்த துணியை மேலே போட்டுத் தேய்த்தால் மடிப்பின் தடம் போகும். நிறமே வெளுத்திருந்தால் போகாது. அப்போது அதே நிற நாடாவை அந்தக் கோட்டின் மேல் வைத்துத் தைப்பதுதான் வழி, அல்லது பள்ளி அனுமதித்தால் ஒரு பைப்பிங். உள்ளே மடிக்கத் துணியே மிஞ்சாதபோது, வேறு துணியில் இரண்டு அங்குலப் பட்டி வெட்டிக் கீழே இணைத்து உள்ளே மடித்தால், இருக்கும் துணி முழுவதும் நீளமாகிவிடும். வருடக் கடைசியில் மூன்று மாதத்துக்காகப் புதிது வாங்குவதை இப்படித் தவிர்க்கலாம். மேல் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்களோடு பேசி வைத்துக்கொண்டால் ஏப்ரலிலேயே அவர்கள் துணி நமக்கு, நம் துணி கீழ் வகுப்புக்கு என்று போய்விடும். எங்கள் தெருவில் இது பல வருடமாக நடக்கிறது. யாரும் இதைக் குறைவாக நினைப்பதில்லை.

எடுத்து வைப்பதிலும் கவனம் வேண்டும். கஞ்சி போட்ட துணியை அப்படியே பரணில் வைக்கக் கூடாது, கஞ்சிக்காகவே கரப்பானும் ராமபாணப் பூச்சியும் வரும். துவைத்து, கஞ்சி இல்லாமல், முழுக்கக் காய்ந்த பிறகு ஆறவிட்டு மடிக்க வேண்டும். பார்வைக்குத் தெரியாத பால் கறை ஐந்து வருடத்தில் மஞ்சளாக எழும்பும், அதனால் கழுத்துப் பக்கத்தை இன்னொரு முறை அலசிவிடுவேன். அந்துருண்டையைக் குழந்தைத் துணியோடு வைக்காதீர்கள். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அதன் நெடியே ரத்த அணுக்களைச் சிதைத்து மஞ்சள் காமாலையில் கொண்டுபோய் விடும். காய்ந்த வேப்பிலையும் வசம்பும் துணியில் முடிந்து வைத்தால் போதும், வருடத்துக்கு ஒரு முறை மாற்றிக்கொள்ளலாம். பட்டுப் பாவாடையை வெள்ளை வேட்டித் துண்டில் சுற்றி, சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வைக்க வேண்டும். ஒரே மடிப்பில் இருந்தால் அந்தக் கோட்டில்தான் பட்டும் ஜரிகையும் முதலில் விடும். பைகளில் வயதை எழுதாமல் உயரத்தை எழுதுங்கள். '110 செ.மீ.' என்று எழுதியிருந்தால் பிள்ளை எப்போது அந்த உயரம் வருகிறதோ அன்று எடுக்கலாம். வயதை எழுதினால் பையைத் திறக்கும்போதே பாதி பத்தாமல் போயிருக்கும்.

அக்கா துணியைத் தம்பி போட வேண்டுமானால் வாங்கும்போதே அதை நினைக்க வேண்டியிருக்கிறது. டீ-ஷர்ட், இரவு உடை, ஸ்வெட்டர், மழைக்கோட்டு இவற்றைப் பச்சை, மஞ்சள், நீலம் என்று எடுத்தால் யாரும் போடலாம். கவுன்கள் தங்கை மகளுக்குப் போகின்றன, அவள் அண்ணன் சட்டைகள் என் மகனுக்கு வருகின்றன. இதில் பிள்ளையின் மனதையும் பார்க்க வேண்டும். எப்போதும் பழையதையே போடும் இரண்டாவது பிள்ளைக்கு ஏக்கம் வரும், அது நியாயமான ஏக்கம். எங்கள் வீட்டில் தீபாவளிக்கும் பிறந்த நாளுக்கும் புதுத் துணிதான், அதையும் பிள்ளையே தேர்ந்தெடுப்பான். பழையது வரும்போது பட்டனை மாற்றுவோம், அவன் சொல்கிற படத்தைத் தைத்துக் கொடுப்போம். "இது எனக்குன்னு மாத்துனதா?" என்று கேட்டுப் போட்டுக்கொள்வான். பிடிக்கவில்லை என்றால் வற்புறுத்துவதில்லை, அது வேறு வீட்டுக்குப் போகும்.

வெளியே கொடுக்கும்போது துவைத்து, பட்டன் சரிபார்த்து, சைஸ் எழுதிக் கொடுங்கள். நம் பிள்ளைக்குப் போட மாட்டோம் என்ற நிலையில் இருப்பதை இன்னொரு பிள்ளைக்குக் கொடுப்பது சரியல்ல. இல்லங்களுக்குக் கொடுப்பதானால் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், பழைய துணி வாங்காத இடங்களும் உண்டு. யாருக்கும் ஆகாதவை வீட்டிலேயே இருக்கட்டும். பட்டன், ஜிப், கொக்கி, நல்ல எலாஸ்டிக் எல்லாவற்றையும் முதலில் கழற்றி டப்பாவில் போட்டுக்கொள்வேன். பனியன் துணி அடுப்பங்கரைக்கும் வண்டி துடைக்கவும் போகும், ஜீன்ஸ் கால்கள் சந்தைக்குப் பையாகும், பாப்ளின் துண்டுகள் அடுத்த ஒட்டுக்குக் கூடையில் சேரும்.